மினொக்ஸிடில் பூசிய பின் தலை அரித்துச் செதில் உதிர்ந்தால்: நிறுத்துவதா, தொடர்வதா?

மஸ்கெலியாவிலிருந்து எழுதியிருக்கும் 27 வயதுத் தம்பியின் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். உச்சியில் முடி ஐதாகி வருவதைக் கண்டு, முடி வளரத் தலையில் பூசும் மருந்தான மினொக்ஸிடிலின் 5 சதவீதத் திரவத்தை ஆறு வாரங்களாகக் காலையும் இரவும் பூசி வருகிறார். கடந்த இரண்டு வாரமாகத் தலை கடுமையாக அரிக்கிறது, வெள்ளைச் செதில் தோளில் கொட்டுகிறது, பூசும் இடம் சிவந்திருக்கிறது, போதாக்குறைக்கு முன்பைவிடக் கூடுதலாக முடி உதிர்கிறது. மருந்தை வீசிவிட்டு எண்ணெய் வைக்கும்படி அக்கா சொல்கிறார். நிறுத்தினால் இருக்கிற முடியும் போய்விடும், பல்லைக் கடித்துக்கொண்டு பூசு என்று உடன் வேலை செய்யும் நண்பர் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்கிறார். எழுத்தில் இருப்பது ஒரு கேள்விதான் என்றாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன: இந்த அரிப்பு எதனால் வந்தது, உதிர்ந்த முடி திரும்புமா, இதே மருந்தைத் தொடரலாமா. மூன்றுக்கும் விடை ஒன்றல்ல. அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பலர் நிறுத்த வேண்டிய இடத்தில் தொடர்கிறார்கள், தொடரக்கூடிய இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

நான் வைத்தியர் அல்ல. ஹட்டனில் ஒரு பாமசியில் 22 ஆண்டுகளாக மருந்து கொடுத்து வரும் மருந்தாளர். மருந்துப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது, அது தோலில் என்ன செய்யும், எதனோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பவற்றில் எனக்குப் படிப்பும் அனுபவமும் உண்டு. ஒருவரின் தலையைப் பார்க்காமல் அது இன்ன நோய் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பார்க்காமல் சொல்லக்கூடியவர் என்று யாரும் இருப்பதாகவும் நான் நினைக்கவில்லை. ஆகவே கீழே எழுதுவதில் உறுதியானதை உறுதியாகவும், ஊகத்தை ஊகமாகவும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியானது. பூசும் மினொக்ஸிடிலால் வரும் தொல்லைகளில் மிகச் சாதாரணமானவை தலைத்தோலில் வருபவையே: அரிப்பு, எரிவு, வறட்சி, செதில், சிவப்பு. இவற்றில் பெரும் பகுதிக்குக் காரணம் மினொக்ஸிடில் அல்ல, அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவம். மினொக்ஸிடில் நீரில் எளிதில் கரையாது. அதனால் அல்கஹோலும் புரோப்பிலீன் கிளைக்கோல் என்னும் வழவழப்பான திரவமும் சேர்த்துக் கரைக்கிறார்கள். இந்தப் புரோப்பிலீன் கிளைக்கோல்தான் தோலை உறுத்துவதில் பெயர் பெற்றது. தொடுதோல் அழற்சியை, அதாவது தோலில் படும் பொருட்களால் வரும் அழற்சியைக் கவனிக்கும் அமெரிக்க வைத்தியர்களின் சங்கம் 2018 ஆம் ஆண்டுக்குரிய ‘ஒவ்வாமைப் பொருள்’ என்று அதைத்தான் தெரிவு செய்து கவனத்துக்குக் கொண்டுவந்தது. 2 சதவீதத் திரவத்தைவிட 5 சதவீதத் திரவத்தில் அது மிகக் கூடுதல். பழைய மூலத் தயாரிப்பில் முன்னதில் ஐந்தில் ஒரு பங்கு, பின்னதில் சரிபாதி. மருந்தின் வலு கூடும்போது அதைச் சுமக்கும் திரவத்தின் உறுத்தலும் சேர்ந்தே கூடுகிறது. பாமசிக்கு வருபவர்களில் பலர் 5 என்ற எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் மீதியை யாரும் வாசிப்பதில்லை. தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஓராண்டுக்குள் மூன்று கம்பனிகளின் மினொக்ஸிடிலை மாற்றி மாற்றிப் பூசி, மூன்றிலும் தலை அரித்ததால் மினொக்ஸிடிலே தமக்கு ஆகாது என்ற முடிவோடு என்னிடம் வந்தார். மூன்று பெட்டிகளையும் கொண்டுவரச் சொல்லி வாசித்துப் பார்த்தால் மூன்றும் ஒரே கரைசல். பெயரும் விலையும்தான் வேறு. தோல் வைத்தியரின் ஆலோசனையோடு, புரோப்பிலீன் கிளைக்கோல் இல்லாத நுரை வடிவத்துக்கு மாறினார், அரிப்பு நின்றது. இது ஒருவரின் அனுபவம் மட்டுமே, எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்பதற்குச் சான்றாகாது என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டை நிதானமாகப் புரிந்துகொள்வது அவசியம். தோல் உறுத்தப்படுவது ஒன்று, ஒவ்வாமை மற்றொன்று. உறுத்தலில், பூசிய சிறிது நேரத்திலேயே எரிவும் குத்தலும் தொடங்கும், தோல் வறண்டு இழுக்கும், தொல்லை பூசிய இடத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். அளவைக் குறைத்தால் குறையும், சில நாள் விட்டால் ஆறும். ஒவ்வாமையில் எரிவைவிட அரிப்பே மேலோங்கி நிற்கும். முதல் சில வாரங்கள் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் உடல் அந்தப் பொருளை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ள அந்தக் காலம் தேவைப்படுகிறது. அடையாளம் கண்டபின் ஒவ்வொரு முறை பூசும்போதும் ஓரிரு நாளுக்குள் பொங்கி எழும். பூசாத நெற்றி, காது, பிடரி, கண் இமை வரை பரவும். கடுமையானால் சிறு கொப்புளமும் நீர்க்கசிவும் வரும். தம்பியின் கதையில் நான்கு வாரம் சும்மா இருந்து பிறகு அரிப்புத் தொடங்கியிருப்பது ஒவ்வாமையை நினைக்க வைக்கிறது. ஆனால் தொல்லை பூசும் இடத்தைத் தாண்டவில்லை என்பது உறுத்தலை நினைக்க வைக்கிறது. எழுதியிருப்பதை மட்டும் வைத்து இரண்டில் எது என்று அடித்துச் சொல்ல முடியாது. சொல்ல முடிவது, எதுவாக இருந்தாலும் இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான் என்பது. அதைக் கீழே எழுதுகிறேன்.

ஒவ்வாமை என்றால் அது கரைசலுக்கா, மினொக்ஸிடிலுக்கேவா என்பது அடுத்த கேள்வி. மினொக்ஸிடிலுக்கே ஒவ்வாமை வருவது அரிது, ஆனால் உண்டு. அப்படிப்பட்டவர் நுரைக்கு மாறினாலும் பயனில்லை. நுரையிலும் அதே மருந்துதான் இருக்கிறது. இதைப் பிரித்தறிய இருக்கும் நம்பகமான வழி, தோல் வைத்தியர் முதுகில் சிறு ஒட்டுகளை ஒட்டி இரண்டு நாளின் பின்னும் மறுபடி நான்காம் நாளளவிலும் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை. வீட்டிலேயே முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு நாணயத்தின் அளவுக்கு ஒரு வாரம் தினமும் இருவேளை பூசிப் பார்ப்பதும் ஒரு வழிதான். அங்கே சிவந்து அரித்தால் அந்தப் போத்தல் உங்களுக்கு ஆகாது என்று தெரியும், ஆனால் அதற்குள் இருப்பவற்றில் எது ஆகவில்லை என்று தெரியாது.

செதில் எல்லாமே மருந்தின் பக்க விளைவு என்று எண்ணிவிடவும் கூடாது. திரவம் காய்ந்தபின் எஞ்சும் மருந்துப் படிவு வெள்ளைத் தூளாக உதிர்வது உண்டு. அது பொடுகு போலவே தெரியும், ஆனால் தலை கழுவினால் போய்விடும், அரிக்காது. உண்மையான பொடுகு, அதாவது தோலில் இயல்பாக வாழும் மலசீசியா என்ற பூஞ்சையோடு தொடர்புடைய எண்ணெய்ப் பசையுள்ள மஞ்சள் செதில், மினொக்ஸிடிலுக்கு முன்பே பலருக்கு இலேசாக இருந்திருக்கும். மருந்து பூசத் தொடங்கிய பிறகே கண்ணாடியை உற்றுப் பார்ப்பதால் அது புதிதாக வந்ததுபோல் தோன்றும். புருவம், மூக்கின் ஓரம், காதின் பின்புறம் ஆகிய இடங்களிலும் செதில் இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். தடித்த வெள்ளிநிறச் செதில் என்றால் சொரியாசிஸ் என்ற நாள்பட்ட தோல் நோயாக இருக்கலாம், அது வேறு கதை. இன்னொன்று தலைச்சாயம். திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்பு பொட்டலச் சாயம் அடித்த இளைஞர் ஒருவர், கண் வீங்கி வந்து நின்றபோது மினொக்ஸிடிலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். கருஞ்சாயங்களில் இருக்கும் பரா-ஃபெனிலீன்டயமீன் என்ற பொருள் ஒவ்வாமைக்கு மிகவும் அறியப்பட்டது என்று நான் சொன்ன பிறகுதான் சாயத்தைப் பற்றியே வாய் திறந்தார்.

நம் பக்கத்துக் குளிரும் இதில் தன் பங்கைச் செய்கிறது என்று நான் நினைக்கிறேன். இது ஆய்வு முடிவு அல்ல, பாமசியில் நின்று பார்த்ததிலிருந்து வந்த எண்ணம். மார்கழி, தை மாதங்களில் நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலைப் பக்கம் உறைபனி கொட்டும் காலத்தில் பலர் வாரத்துக்கு ஒருமுறைதான் தலை குளிக்கிறார்கள், குளித்தால் கொதிக்கக் கொதிக்கக் குளிக்கிறார்கள். தினமும் இருவேளை பூசி வாரம் ஒருமுறை கழுவினால் பதினான்கு முறை பூசியதன் படிவு தலையில் தங்கும். மிகச் சூடான நீர் தோலின் இயற்கை எண்ணெயை வழித்துக்கொண்டு போய்விடும். அதற்கு மேல், பூசிய ஈரத்தோடு கம்பளிக் குல்லாவை இழுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். மூடிய தோலில் எந்த மருந்தும் கூடுதலாக உறுத்தும், கூடுதலாக உள்ளே இறங்கும். இந்தக் கடைசி விடயம் மட்டும் என் ஊகம் அல்ல, மருந்தியலின் பழைய பாடம்.

இனி உதிர்வு. இதுதான் தம்பியை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது, ஆனால் மூன்றிலும் இதற்குத்தான் நான் குறைவாகப் பயப்படுவேன். தலைமுடி ஒவ்வொன்றும் பல ஆண்டுகள் வளர்ந்து, பிறகு ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வெடுத்து, விழுந்து, அதே வேரிலிருந்து புதிதாக முளைக்கிறது. மினொக்ஸிடில் அந்த ஓய்வுக் காலத்தைச் சுருக்கி, எப்படியும் விழவிருந்த முடிகளை முன்கூட்டியே தள்ளிவிடுகிறது. அதனால் பூசத் தொடங்கிய இரண்டாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரையான காலத்தில் உதிர்வு கூடுவது எதிர்பார்க்கப்பட்டதே, பெரும்பாலும் தானே அடங்கும். ஆறாம் வாரத்தில் நிற்கும் தம்பி அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறார். கூடுதலாக உதிர்ந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று இணையத்தில் சொல்லப்படுவதை நம்ப வேண்டாம், அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அரிப்பில் நகத்தால் சொறிந்து முடி உடைவது நிச்சயம். அழற்சியே வேரைத் தளர்த்தி உதிர்வைக் கூட்டுகிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மூன்று மாதம் தாண்டியும் உதிர்வு குறையவில்லை, அல்லது வட்டமாக வழுவழுப்பான வெற்றிடம் தோன்றுகிறது என்றால் அது மினொக்ஸிடில் உதிர்வு அல்ல என்று வைத்துக்கொண்டு வைத்தியரிடம் போக வேண்டும்.

ஆகவே நான் சொல்லும் வழி இது. மருந்தை இப்போது நிறுத்துங்கள். தோல் சிவப்பும் அரிப்பும் முழுமையாக ஆறும்வரை, பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரம். அவ்வளவு காலம் நிறுத்துவதால் உழைப்பெல்லாம் வீணாகிவிடாது. மருந்தால் தக்கவைத்த முடி விழுவது, முற்றாக நிறுத்தி மூன்று நான்கு மாதம் ஆன பிறகுதான். அதுவும் ஆறு வாரம் மட்டும் பூசியவருக்கு இழப்பதற்கு அதிகம் இல்லை. அந்த அளவில் அக்கா சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியை, அதாவது எண்ணெயை, இப்போது வேண்டாம் என்பேன்: மலசீசியா கொழுப்பைத் தின்று வாழும் பூஞ்சை, அது காரணமாக இருந்தால் எண்ணெய் வைப்பது நெருப்புக்கு விறகு கொடுப்பது போலாகும். வெங்காயச் சாறு, எலுமிச்சை, இஞ்சி எதுவும் புண்பட்ட தோலில் படக்கூடாது. மணம் குறைந்த மென்மையான ஷம்போவால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவினால் போதும். பொடுகின் அடையாளங்கள் இருந்தால் 2 சதவீதக் கீட்டோகொனசோல் ஷம்போவை வாரம் இருமுறை, நுரையை மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் வைத்துக் கழுவி, இரண்டு முதல் நான்கு வாரம் பார்க்கலாம். பாமசியில் யாராவது ஸ்டீரொயிட் கலந்த பூச்சைத் தூக்கிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது அரிப்பை இரண்டு நாளில் அடக்கிவிடும் என்பது உண்மை. நீடித்துப் பூசினால் தோல் மெலியும் என்பதும் உண்மை. தவிர, அத்தகைய பூச்சுகள் சிலவற்றின் கரைசலிலும் அதே புரோப்பிலீன் கிளைக்கோல் இருக்கிறது, அதற்கே ஒவ்வாமை உள்ளவருக்கு அது நோயையே மருந்தாகக் கொடுத்தது போலாகும். வைத்தியர் எழுதிக் கொடுத்தால் அது வேறு.

தோல் ஆறிய பின், வந்தது உறுத்தல் மட்டுமே என்று தோன்றினால், நுரை வடிவத்தை ஒருவேளையாகத் தொடங்கிப் பார்க்கலாம். நுரையிலும் அல்கஹோல் இருப்பதால் சிலருக்குக் கொஞ்சம் எரியும். நுரை கிடைக்கவில்லை அல்லது விலை கட்டுப்படியாகவில்லை என்றால் 2 சதவீதத் திரவம் இரண்டாம் தெரிவு. எதுவானாலும் ஒரு வேளைக்குத் திரவமாக 1 மில்லிலீற்றர், நுரையாக அரை மூடி. அதற்கு மேல் ஊற்றினால் முடி கூடுதலாக முளைக்காது, அரிப்புத்தான் முளைக்கும். காய்ந்த தலையில் பூசி, நான்கு மணிநேரம் கழுவாமலும் குல்லா மாட்டாமலும் இருக்க வேண்டும் என்பதால் காலையில் மலையேறி வேலைக்குப் போகிறவருக்கு இரவு வேளையே பொருத்தம். ஒவ்வாமை என்று தோன்றினால், மறுபடி எதையும் தொடங்கும் முன் ஒட்டுப் பரிசோதனைக்குப் போவதே ஒழுங்கு.

பல்லைக் கடித்துக்கொண்டு பூசு என்ற நண்பரின் பேச்சை நான் ஏன் அவ்வளவு எதிர்க்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. மினொக்ஸிடில் பிறந்ததே பிரெசர் மாத்திரையாகத்தான். 1979 இல் அமெரிக்காவில் அதற்குத்தான் அனுமதி கிடைத்தது. விழுங்கியவர்களின் உடலெங்கும் முடி வளர்ந்ததைக் கண்டபின் பூச்சாக மாற்றி, 1988 இல் தலைக்கு அனுமதித்தார்கள். நலமான தலைத்தோல் வழியாக இரத்தத்துக்குள் போவது பூசியதில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்குதான். சொறிந்து புண்ணான, அழன்ற தோலில் அந்தத் தடை இல்லை. போகும் அளவு கூடும். படபடப்பு, தலைச்சுற்று, நெஞ்சு வலி, முகம் அல்லது கால் வீக்கம், காரணமில்லாத திடீர் எடைக் கூடுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்தி அன்றே வைத்தியரைப் பார்க்க வேண்டும். பூச்சு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காகக் குறைந்த அளவு மினொக்ஸிடில் மாத்திரையைத் தாமாகவே தொடங்குகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். தோல் வைத்தியர்கள் அதைச் சிலருக்குக் கொடுப்பது உண்மைதான், ஆனால் இதயத்தையும் பிரெசரையும் பார்த்த பிறகு கொடுக்கிறார்கள். மினொக்ஸிடிலுக்கே ஒவ்வாமை உள்ளவர் அதை விழுங்குவது அறிவுடைமையும் ஆகாது.

2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்த காலம் தொட்டு, லேபல் இல்லாத போத்தல்களில் முகநூல் வழியாக விற்கப்படும் ‘முடி வளர் கலவை’கள் மலையகத்துக்கும் வந்து சேர்கின்றன. தம்பி பூசுவது அப்படிப்பட்டது என்றால் இதுவரை எழுதியதில் பாதி பொருந்தாது, ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பதே அதை விற்பவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இத்தகைய கலவைகளில் மினொக்ஸிடிலோடு ட்ரெட்டினொயின், ஸ்டீரொயிட், ஆண்களின் முடி உதிர்வுக்கு மாத்திரையாகக் கொடுக்கப்படும் ஃபினஸ்டரைட் ஆகியவற்றைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. ட்ரெட்டினொயின் தோலை உரித்து எரிச்சலூட்டும், மினொக்ஸிடிலைக் கூடுதலாக உள்ளே இறக்கும். பூசும் ஃபினஸ்டரைட் கலவைகளைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2025 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2019 முதல் 2024 வரை தமக்கு வந்த 32 முறைப்பாடுகளை அது சுட்டியிருந்தது, தோல் சிவந்து எரிவது முதல் மனச்சோர்வு, பாலியல் குறைபாடு வரை அவற்றில் இருந்தன. 32 என்பது சிறு எண். எத்தனை பேர் பூசினார்கள் என்று தெரியாமல் அதிலிருந்து ஆபத்தின் அளவைக் கணக்கிட முடியாது. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அவர் கை அதில் படவே கூடாது என்பது மட்டும் தெளிவு. இங்கே வாங்கும் எந்தப் போத்தலும் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிவு பெற்றதா என்று பாமசியில் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தப் பதிலை வாசிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: திரவம் நெற்றியில் வழிந்தாலோ தலையணையில் பட்டு முகத்தில் ஒட்டினாலோ கன்னத்திலும் நெற்றியிலும் பூனைமுடி வளரும், நிறுத்திய சில மாதங்களில் அது போய்விடும். கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுகிறவர்களும் பூசவே வேண்டாம். பூனை வளர்ப்பவர்கள் கையை நன்றாகக் கழுவுங்கள், பூனை படுக்கும் தலையணையை மாற்றுங்கள். மினொக்ஸிடில் சிறிதளவு நக்கினாலும் பூனை இறந்துபோகக்கூடும். திரவமும் நுரையும் எளிதில் தீப்பற்றும், ஆகவே லயத்து வீடுகளில் பூசிய கையோடு விறகடுப்பை ஊதக் குனிய வேண்டாம்.

தம்பிக்குக் கடைசியாக: நீர்க்கசிவு, சீழ், காய்ச்சல், கண் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தால் இரண்டு வாரம் பார்ப்போம் என்று இருக்காமல் கிட்டிய வைத்தியசாலையில் உடனே காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் நிறுத்தி இரண்டு வாரத்திலும் ஆறவில்லை என்றால் கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பதுளை போதனா வைத்தியசாலையிலோ தோல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். போகும்போது மினொக்ஸிடில் போத்தலை மட்டுமல்ல, அதன் அட்டைப் பெட்டி, ஷம்போ, எண்ணெய், சாயம் என்று கடந்த மூன்று மாதத்தில் தலையில் பட்ட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். இன்றைக்கே வாசலில், பகல் வெளிச்சத்தில் உச்சித் தலையை ஒரு படமும் எடுத்து வையுங்கள்; கிளினிக் நாள் வருவதற்குள் சிவப்பு ஆறிவிட்டால் வைத்தியருக்குக் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.